முகட்டைப் பார்க்கிறவர்கள்

சுன்னாகம் சந்தை கலைந்த நேரம். கீரிமலை பஸ்சில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள், கத்தரிக்காய் விற்ற வெறுங்கடகங்களோடு இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“வீட்டுக்கு வந்து முகட்டைப் பாக்கிற ஆக்களுக்கு நான் தேத்தண்ணி குடுக்கிறேல்லை, அக்கா.”

“ஏனடி?”

“கோட்டிலை நீதவான் பிரிச்சுவிட்ட பிறகும் பிள்ளையின்ரை தேப்பன் ஒவ்வொரு போகமும் ஆள் அனுப்புறார். சுகம் விசாரிக்க எண்டு வருவினம். கண் முழுக்க, விலை ஏறுமட்டும் நான் முகட்டிலை பிடி பிடியாய்க் கட்டித் தூக்கின வெங்காயத்திலை. பிடியை எண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுவினம். ‘அவளுக்கு உவ்வளவு வருமானம், பிள்ளைச் செலவுக்கு நான் ஏன் குடுக்கவேணும்’ எண்டு அவர் திரும்பக் கோட்டுக்குப் போவார்.”

“இந்த முறையும் வந்தவையோ?”

“ஓம். அவரின்ரை சித்தப்பா. அண்ணாந்து பாத்தார், வெறும் முகடு. ‘விளைச்சல் இல்லையோ, பிள்ளை?’ எண்டார். ‘மழை, சித்தப்பா’ எண்டன்.”

“வித்துப்போட்டியோ?”

“இந்த விலைக்கு ஆர் விப்பினம்? தூக்கித்தான் கிடக்கு. மாமி வீட்டிலை.”

“எந்த மாமி?”

“அவரின்ரை தாய்.”

மூத்தவள் மடியிலிருந்த கடகத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“விசரே உனக்கு? அங்கை அவர் காணமாட்டாரோ?”

“மாமிதான் சொன்னவ, அக்கா. ‘இஞ்சை கொண்டு வா, பிள்ளை. அவன் எட்டியும் பாக்காத வீடு இது ஒண்டுதான்.’”