இடது கண் ஓரத்துக் கம்பி

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பருக்குக் குளிராது, சார். நிற்பது பனித்தளத்தில்தான், ஆனால் அத்தனை கனமான கவசத்துக்குள் வேர்த்துக் கொட்டும். ஆட்டம் முடிந்து ஜூரோங்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும்.

என் பெயர் மாசிலாமணி. செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடமாக வெல்டர். வார இறுதியில் கோல்கீப்பர் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒன்பது வருடம் மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

யூஹா பின்லாந்துக்காரன். அங்கே பெரிய லீகில் பதினான்கு சீசன் கோல்கீப்பராக இருந்தவன். அதில் முதல் ஆறு சீசன் அவனும் பெஞ்சில்தான். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் சிங்கப்பூர் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தான். முப்பத்தெட்டு வயதில் அவனுடைய பழைய கிளப் கடைசியாக ஒரு சீசன் ஆடக் கூப்பிட்டிருந்தது. அதற்காக ஞாயிறுதோறும் எங்களோடு ஆடி உடம்பைத் தயார்செய்தான். சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் ஆடி முடித்துக்கொள்ள வேண்டும் என்பான். சின்ன ஆசைதான்.

பாங்காக் போட்டிக்கு என்னை முதல் கோல்கீப்பராக நிறுத்தியதும் அவன்தான். அந்தச் சந்தோஷத்தில், தேக்கா அங்காடியில் தே தாரிக் டீ குடித்தபடி, என் மனைவி நாகம்மாவுக்கும் தெரியாத ஒன்றை அவனிடம் சொன்னேன். வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு என் இடது கண் பாதி மங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றேன். கையை நீட்டினான். குலுக்கினோம்.

நான்கு நாள் கழித்து அணி மேலாளர் நிரஞ்சனா போன் செய்தாள்.

"மணி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. யூஹா உங்க கண்ணு விஷயத்தச் சொல்லிட்டாரு. பாங்காக்குக்குக் கோல்கீப்பரா அகிலன் போகட்டும். உங்க சேஃப்டிக்குத்தான் லா."

"அவரே சொன்னாரா?"

"ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் சொன்னாராம்ணே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பெஞ்ச் என்றால் என்னவென்று தெரிந்தவன் சொல்லியிருக்கிறான். பிறகு நேரில் வந்தான். பார்வை மங்கியதை மறைத்து ஆடிய ஒருவன் அடிபட்டுச் செத்ததைப் பார்த்தவன் நான், உனக்கு அப்படி ஆகக் கூடாது என்றான். பரவாயில்லை என்றேன். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

அடுத்த வாரம் தன் முகக்கவசத்தைக் கொண்டுவந்தான். கோல்கீப்பர்கள் முகக்கவசத்தை அடுத்தவர் தொட விடமாட்டார்கள். அது ஒரு சகுனம் மாதிரி. யூஹா என்னிடம் மட்டும் கொடுப்பான். இடது கண் ஓரத்தில் இரண்டு கம்பிகள் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. புதியது வர மூன்று வாரம் ஆகும், பற்றவைத்துத் தருவாயா என்று கேட்டான்.

மதிய இடைவேளையில் செய்தேன். ஒழுங்காகப் பற்றவைக்கப் பத்து நிமிடம் போதும். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கம்பி சும்மா பிடித்து நிற்கும் அளவுக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்தேன். அதையும் அரத்தால் ராவி மெலிதாக்கினேன். பக்கத்துக் கம்பியையும் கொஞ்சம் ராவினேன். மேலே வெள்ளை பெயிண்ட். விரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. என் வேலையைப் பட்டறையில் யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஞாயிறு யூஹா கோலில் நின்றான்; ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில், எதிரணிக்காரன் ஒருவன் அடித்த ரப்பர் வட்டு நேராக அந்தக் கம்பியில் போய்ப் பட்டது. நான் பெஞ்சில் இருந்தேன். வலது கண்ணாலேயே எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அவனுடைய இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பழைய கிளப் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை அங்கே நீ நிற்கவில்லை என்றான்.

கம்பியைப் பற்றவைத்தது யார் என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் அவனிடம் மூன்று முறை கேட்டீர்களாம். தெரியாது என்றானாம். என் வேலை போய்விடக் கூடாதென்று நினைத்திருப்பான். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை, நானாகவே வந்துவிட்டேன். செய்தது நான்தான், வேண்டுமென்றேதான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள், சார். ரகசியம் காக்க அவனுக்கு இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே. அன்றைக்கு மட்டும் ஏன் வாயைத் திறந்தான்?