விரட்டியடித்த கேப்டன்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, கேப்டனின் மகளே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம். முட்டி வலி; இந்த மேசையைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் காலமானவர்களுக்கெல்லாம் இரங்கல் கூட்டத்தில் நானே பேசிப் பேசி அலுத்துவிட்டேன்.

நம் கேப்டன் யார்? சினிமா கொட்டகைக்குப் பேனர் வரைந்தவர். நான் யார்? தையல்காரன். எங்களைப் பட்டாளத்தில் எதற்குச் சேர்த்தார்கள்? பொய் சொல்ல! மரச்சட்டம் அடித்து, நான் கித்தானைத் தைத்து மாட்டுவேன், அவர் வண்ணம் பூசுவார். வானத்திலிருந்து பார்த்தால் அசல் டாங்கி. கொடியில் சட்டைகள் காயும், காலி அடுப்புகள் புகையும். எதிரி எங்கள்மேல் குண்டு போட வேண்டும். அந்த நேரத்தில் நிஜப் படை வேறிடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். அடி வாங்குவதுதான் ஐயா எங்கள் உத்தியோகம்!

அதை அவர் அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டார். ஊரைவிட்டு ஓடிவந்த சனம், பட்டாளம் இருக்கிறதே என்று நம்பி எங்கள் வேலியோரம் வந்து உட்கார்ந்துவிட்டது. "இனி என்ன பயம்? அதான் நீங்க இருக்கீங்களே!" என்று ஒரு பெரியவர் காலை நீட்டிவிட்டார். மேலிடத்தைக் கேட்டால், "இருக்கட்டும்யா, ஆள் நடமாட்டம் இருந்தா இன்னும் அசலா தெரியும்" என்றார்கள். இப்படியும் சொல்வார்களா? சொன்னார்கள்.

உண்மையைச் சொல்லி அனுப்பலாம். வழியில் ஒருவர் பிடிபட்டு வாய்திறந்தால் போதும், ஆற்றில் இறங்கும் படை அத்தனையும் காலி. சொல்லாவிட்டால் இந்தச் சனம் சாகும். வேலிப் பக்கம் போய்த் திரும்பி வந்த கேப்டன், "எல்லாரும் படுங்கடா. முகாம்ல வாந்திபேதி" என்றார். சமையல்காரர் துடித்த துடிப்பில் நானே நிஜமென்று நம்பிவிட்டேன். "போயிடுங்க! இங்க நின்னா சுட்டுடுவேன்!" என்று கேப்டன் துப்பாக்கியைத் தூக்கிக் கத்தினார். கொட்டும் மழையில் அவரைச் சபித்துக்கொண்டே போனார்கள்.

மழை விட்டதும் விமானங்கள் வந்தன. படை ஆற்றைக் கடந்தது. எங்கள் சமையல்காரர் பதுங்குகுழியிலிருந்து எழுந்து வரவில்லை.

அன்றிலிருந்து நம் கேப்டனுக்குப் பேர் 'விரட்டியடித்த கேப்டன்'. கடைத்தெருவில் அவரைப் பார்த்துக் காறித் துப்பியவர்கள் உண்டு. சொல்லிவிடலாமே என்று எத்தனை தரம் கெஞ்சினேன்! "இன்னொரு சண்டைக்கும் இதே வித்தைதான்டா வேணும். நான் செத்தப்புறம் சொல்லு" என்பார். இன்னொரு சண்டையும் வந்தது. மகளே, உனக்குக்கூட அவர் சொல்லவில்லை.

இன்று வாசலில் மகன் கையைப் பிடித்து வந்த ஓர் அம்மா என்னிடம், "அந்த ஆளு நிஜமாவே செத்துட்டானான்னு பாக்க வந்தேன். அன்னைக்கு மழையில நடந்துதான் என் மாமியார் போய்ச் சேந்தாங்க. இவன் அப்ப என் இடுப்புல" என்றார். பின்வரிசையில் இருக்கிறார். அம்மா, அந்தச் சாவு எங்கள் கணக்கில்தான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பொய் போதும் ஐயா, எனக்கு அலுத்துவிட்டது! அவரைத் திட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்வேன். மிச்ச நாளில் எனக்கு இதுதான் வேலை. முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன் அம்மா. உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருக்கிறாரே, உங்கள் மகன், அவர் அன்று உங்கள் இடுப்பில் இருந்துகொண்டு கேப்டனின் சட்டைக் காலரைப் பிடித்தவர், விடவே மாட்டேன் என்றார். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்துதான் கேப்டன் எங்களைப் படுக்கச் சொன்னார்.