ஒன்பது நாள் ஆறின சோறு

எனக்கு ஆறின சோறு தொண்டையில் இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். உங்கள் கம்பெனி செய்த ஒன்பது சென்சார்கள் எங்கள் பட்டறையில் ஒன்பதே நாளில் செத்துப்போயின. ஏன் என்று கண்டுபிடிக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நேற்று முழுவதும் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பதினெட்டு வருடமாக இந்தப் பட்டறையில் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை என்னுடையது. என் பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டருக்குச் சொல்வது போல. டோசரோ டம்பரோ, எந்தக் கனரக வண்டியானாலும் பத்தடி தள்ளி நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு இன்னது என்று சொல்வேன். அதற்கு முன்னால் நான் யாராக இருந்தேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, இங்கேயே வேலைக்கு வந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்போது ஒரே பட்டறை. நல்ல பெண். மின்சாரம் சோதிக்கும் மீட்டர் சொந்தமாகவே வைத்திருக்கிறாள். அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைப்பாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எங்கள் முற்றத்தில் மண் அள்ளும் லோடர் முதல் கியரை விட்டு நகர மறுத்தது. வேகம் காட்டும் முள் துள்ளித் துள்ளி விழுந்தது. டிரைவர் வந்து, "கைராசிம்மா, எருமை மாதிரி நடக்குது. என்னன்னு பாருங்க" என்றார். நான் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, "சென்சார்" என்றேன்.

உங்களுக்குத் தெரியாததா? விரல் நீளம் இருக்கும். கியர்பெட்டிக்குள் பல்சக்கரம் சுற்றுவதைப் பார்த்துப் பல்லை எண்ணும். எண்ணிக்கை தவறினால் வண்டியின் மூளைக்குப் பயம் வந்துவிடும், அடுத்த கியருக்குப் போகாது. சில மனிதர்களும் அப்படி இருக்கிறார்கள்.

ஓரகத்தி மீட்டரோடு லோடருக்கு அடியில் போனாள். பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சென்சார் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போற ஒயர்தான் எங்கயோ தேஞ்சிருக்கு. ஆட்டினா வேகம் போய்ப் போய் வருது."

வெல்டர் இருமினார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். முதலாளி மட்டும் சந்தோஷமாக இருந்தார். சண்டை என்றால் அவருக்குப் பிடிக்கும்.

"ரெண்டையும் மாத்திப் போட்டுடுவோம்" என்றார். "லோடர் சென்சாரை எடுத்து, ரோடு சமன் பண்ற கிரேடர்ல மாட்டுங்க. கிரேடரோடதை லோடர்ல மாட்டுங்க. கிரேடர் படுத்துட்டா பெரியவ சொன்னது சரி. ஓடிட்டா சின்னவ சொன்னது சரி. தப்பாச் சொன்னவங்க நாளையிலேருந்து வண்டி கழுவப் போகணும். ஒரு பட்டறைக்கு ரெண்டு கைராசி எதுக்கு?"

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அது. நான் அந்தச் சென்சாரைத் துணியில் சுற்றி, மேஜையில் பொருத்திய இரும்புப் பிடியான வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து, அரைச் சுற்றுத் திருகினேன். வெளியே கீறல்கூட விழாது. உள்ளே கம்பிச்சுருள் மட்டும் அறுந்துபோகும். முறுக்கு கடித்தது போல மெல்லிய சத்தம் வரும், அவ்வளவுதான். கிரேடர் படுத்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கிரேடரிலிருந்து எடுத்த நல்ல சென்சாரை மாட்டியும் லோடர் நகரவில்லை.

"அப்ப இது ஏன்க்கா ஓடல?" என்று ஓரகத்தி கேட்டாள். கிண்டலே இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் அவளிடம் கஷ்டம்.

"இதுவும் போன சென்சார்தான்" என்றேன்.

சொல்லிவிட்ட பிறகு அது உண்மையாக இருக்க வேண்டும் இல்லையா. மறுநாள் மத்தியானம் அதையும் வைஸில் வைத்தேன். முதலாளியே மீட்டர் பிடித்துப் பார்த்தார், எண் வரவில்லை. ஓரகத்தியின் கையில் ஹோஸ் பைப்பைக் கொடுத்தார். உங்கள் புதுச் சென்சார்கள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை டோசரிலிருந்து ஒன்று, டம்பரிலிருந்து ஒன்று என்று தினம் ஒன்றாக லோடருக்கு மாட்டிப் பார்த்தார்கள். தினம் மத்தியானம் நான் என் வார்த்தையைக் காப்பாற்றினேன்.

ஒரு சாண் டேப்பை அந்த ஒயரில் சுற்றியிருந்தால் போதுமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அதைத் தொட்டால் ஒயர்தான் கோளாறு என்று என் கைக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் நாள் எங்கள் வண்டிகள் ஒன்பதும் முதல் கியரிலேயே பாலம் கட்டும் இடத்துக்குக் கிளம்பின. ஒரு கிலோமீட்டர் ஊர்வலம். டிரைவர் போனில், "அம்மா, ஊன்றுகோல் வச்சிருக்கிற பெரியவர் ஒருத்தர் எங்களைத் தாண்டிப் போறாரு. எட்டிப் பாத்து, 'லிஃப்ட் வேணுமா தம்பி'ங்கிறாரு" என்றார். சிரித்தேன். கெட்ட மனசுக்காரியாக இருந்தால் சிரிப்பு வருமா?

ஓரகத்தி தினமும் நனைந்த புடவையோடு வீடு வந்தாள். என்னிடம் முகம் திருப்பவில்லை. எனக்குத்தான் முதலில் தட்டு வைப்பாள். "சூடா இருக்குக்கா, வாங்க" என்பாள். அந்த ஒன்பது நாளும் நான் சூடாகச் சாப்பிட்டது ராத்திரி வீட்டில் மட்டும்தான். மத்தியானம் வைஸ் வேலை முடித்து வரும்போது சோறு கல்லாகியிருக்கும். தண்டனை கொடுப்பதாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவள் லோடரைக் கழுவினாள். அன்று சமையலறையில் என் சாப்பாட்டுக் கேரியரைத் துடைத்து வைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அக்கா, உங்க கேரியர் கொக்கியில ஒயர் தோலு ஒட்டியிருந்துச்சு. தேய்ச்சுக் கழுவிட்டேன். லோடர் கியர்பெட்டி மேலயும் வட்டமா ஒரு தடம். அதையும் கழுவிட்டேன்."

ஆமாம். காலை பத்து மணிக்குக் கேரியரை லோடரின் கியர்பெட்டி மேல் வைத்தால் ஒரு மணிக்கு ஆவி பறக்கும். வண்டி குலுங்கும்போது கொக்கி பக்கத்து ஒயரில் உரசும். நாலு வருடமாக உரசியிருக்கிறது. டிரைவர் வந்து நின்ற அன்றே, டீ கிளாஸைக் கீழே வைக்காமலே, எனக்கு அது தெரியும்.

அவள் அதோடு விட்டிருந்தால் நான் உங்களிடம் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒயருக்கு ரகசியமாக டேப் சுற்றிவிட்டு, உங்கள் புதுச் சென்சாரை மாட்டி லோடரை ஓடவைத்தாள். பிறகு இன்று காலை எல்லோர் முன்னாலும் முதலாளியிடம், "அக்கா சொன்னதுதான் சரி, சென்சார்தான் கோளாறு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது சென்சார்களை என் கையால் திருகி நான் சம்பாதித்த வெற்றி அது. அதை அவள் எனக்குப் பிச்சை போடுவதா?

அதனால்தான் சொல்கிறேன். முதலாளியிடமும் சொல்லிவிடுங்கள். என் மேஜைச் சாவியை அவள் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஹோஸ் பைப் எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பதையும் நீங்கள்தானே சோதித்தீர்கள், உங்கள் மீட்டரால், உங்கள் கையால். ஒன்றாவது நல்ல சென்சாரா? இல்லை அல்லவா. நான் முதல் நாளே சொன்னேன்.