தூசி படிந்த மெஷின்

— புதுசு வேணாம்மா. அந்த அலமாரி ஓரத்துல தூசி படிஞ்சு கெடக்குதே, அதையே குடுத்துடுங்க.

— அது வர்றவங்க ஓட்டிப் பார்க்கிறதுக்கு வச்சிருக்கிற மெஷின், சார். ஊரே பிடிச்சு ஆட்டினது. கைப்பிடி கூடத் தேஞ்சு போச்சு. இதைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?

— அந்தத் தேஞ்ச பிடிதான் எனக்கு வேணும்.

— கேளுங்க, சார். மரவேலைக்குப் புதுசுன்னு உள்ள வரும்போதே சொன்னீங்க. முதமுதலா வாங்குறது, மரத்தை வழவழப்பாக்குற தேய்ப்பு மெஷின். கடை நடத்துறவ நான், பழசை உங்க தலையில கட்டினா நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க.

— அது வந்து... திட்ட மாட்டேன். அது எந்த வகைன்னு மட்டும் சொல்லுங்க. யாராவது கேட்டா பதில் சொல்லத் தெரியணும்.

— யாரு கேக்கப் போறாங்க?

— சும்மா ஒரு பேச்சுக்கு.

— சரி, கேளுங்க. இந்தா, பட்டை ஓடுதே, இது பெல்ட் மெஷின். வெறி பிடிச்ச மாதிரி இழுக்கும். கொஞ்சம் அசந்தீங்கன்னா பலகையில பள்ளம் விழுந்துடும். பழகாத கை இதைத் தொடவே கூடாது. இந்தச் சதுர மெஷின்ல உப்புத்தாளை வெட்டி மாட்டிக்கலாம், மூலை முடுக்கெல்லாம் போகும், ஆனா வேலை நகராது. நீங்க கேக்குறது வட்ட மெஷின். சுத்திக்கிட்டே அப்படி இப்படி ஆடும், அதனால மரத்துல கோடு விழாது. முதல் மெஷின்னா நான் இதைத்தான் சொல்வேன். ஆனா புதுசுல.

— நல்லா அழுத்திப் பிடிக்கணுமா?

— அழுத்தவே கூடாது. தூங்குற குழந்தை மேல கை வைக்கிற மாதிரி வச்சாப் போதும்.

— குழந்தைப் பேச்சை எடுக்காதீங்கம்மா.

— ஏன் சார், முகத்துல ஈயாடல?

— அது வந்து... பேத்திக்கு ஒரு மரத்தொட்டில் கொண்டு போய்க் குடுத்தேன். தச்சர் ஒருத்தர்கிட்டச் சொல்லிச் செஞ்சது. என் பொண்ணு அதைப் பார்த்துட்டு, "அப்பா, நீங்களா செஞ்சீங்க?"ன்னு கேட்டா. அவ சின்னதா இருந்தப்போ ஒரு பொம்மை வண்டி கூட நான் செஞ்சு குடுத்ததில்ல. அவ முகம் அப்படி மலர்ந்துச்சு. தலை தானா ஆடிடுச்சு.

— ஆமான்னா?

— ஆமான்னுதான். அடுத்த நிமிஷம் மாமனார், மாமியார், பக்கத்து வீடுன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறா. எங்கப்பா செஞ்சது, எங்கப்பா செஞ்சதுன்னு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— பெத்த பொண்ணு சந்தோஷத்துக்காக ஒரு தலையாட்டல். விடுங்க சார். இதுக்கும் பழைய மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தி ஞாயித்துக்கிழமை வர்றாரு. நான் வேலை செய்யிற இடத்தைப் பார்க்கணுமாம். வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை இருக்கு. உடைஞ்ச சைக்கிளை வெளிய போட்டுட்டு, மேசை போட்டு, நாலு பலகையைச் சாத்தி... ஒரு கோணி மரத்தூள் வாங்கிட்டு வந்து தரையில தூவி வச்சிருக்கேன்மா.

— மரத்தூளைத் தூவினீங்களா?

— சிரிங்க. தூவும்போது எனக்கு அழுகைதான் வந்துச்சு. மத்தவங்க வீட்டைப் பெருக்குவாங்க, நான் குப்பையைப் பரப்பிக்கிட்டு நிக்கிறேன். போன்ல பொண்ணு சொல்றா, "கை காய்ச்சுப் போயிருக்கும்ப்பா, எண்ணெய் தடவிக்கோங்க"ன்னு. இந்தக் கையைப் பாருங்க. ஆயுசுக்கும் பேனா பிடிச்ச கை. எனக்கே கூசுது.

— நான் சிரிக்கல, சார். ஆனா அவரு வேலையைப் பத்தி ஏதாவது கேட்டா? உப்புத்தாள் நம்பராவது தெரியுமா?

— அதை அன்னைக்கே கேட்டாரு, எந்தத் தாள்ல ஆரம்பிச்சு எதுல முடிச்சீங்கன்னு. தச்சர் பேச்சுவாக்குல சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. இருநூத்தி இருபதுல ஆரம்பிச்சு அறுபதுல முடிச்சேன்னு டக்குன்னு சொல்லிட்டேன்.

— எப்படி? இன்னொரு தடவை சொல்லுங்க.

— இருநூத்தி இருபதுல ஆரம்பிச்சு அறுபதுல முடிச்சேன். ஏம்மா?

— சார், நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். அறுபதுதான் சொரசொரப்பு. அதுல ஆரம்பிச்சு இருநூத்தி இருபதுல முடிப்பாங்க. நீங்க சொன்னபடி தேய்ச்சிருந்தா அந்தத் தொட்டில் குழந்தையோட தோலை உரிச்சிருக்கும்.

— ஐயோ.

— அவரு என்ன சொன்னாரு?

— தொட்டில் விளிம்பைத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் "நல்லா வந்திருக்கு, சம்பந்தி"ன்னாரு. பேச்சே கம்மி அவருக்கு. தெரிஞ்சிருக்காதுல்ல? பஸ் ஓட்டினவரு. ஏதோ பேச்சுக்குக் கேட்டிருப்பாரு. நீங்க சொல்லுங்கம்மா, தெரிஞ்சிருக்காதுல்ல?

— தடவும்போது கண்ணை மூடிக்கிட்டாரா? கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அந்த மெஷினைக் கீழ வச்சிடுங்க, சார்.

— அம்மா, ஞாயித்துக்கிழமை அவரு முன்னாடி வெறுங்கையோட நின்னா என் மானம் போயிடும். என் மானம் போனா போகட்டும், என் பொண்ணு அந்த வீட்ல எப்படித் தலை தூக்குவா?

— வச்சிடுங்க. உங்களுக்கு எந்த மெஷினும் வேணாம். நேத்து ஒருத்தர் வந்தாரு. எங்க கடைக்குப் பழகினவரு, மரவேலை தெரிஞ்சவரு, வந்தா ஒவ்வொரு பலகையா கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாரு. இதே வட்ட மெஷினைப் புதுசா வாங்கி, பரிசுக் காகிதம் சுத்தித் தரச் சொன்னாரு. யாருக்குன்னு கேட்டேன். "இருநூத்தி இருபதுல ஆரம்பிச்சு அறுபதுல முடிக்கிறவருக்கு"ன்னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

— அவரும் சிரிச்சாரா?

— இல்ல சார். "சிரிக்காதம்மா, அவரு எங்க சம்பந்தி. ஞாயித்துக்கிழமை கொட்டகைக் கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் ஒரு தொட்டில் செய்யப் போறோம். எங்கப்பா செஞ்சதுன்னு எங்க மருமக எல்லார்கிட்டயும் சொல்லிட்டா, அது பொய்யாகிடக் கூடாது"ன்னாரு.