தட்டுல கிடந்த பழுப்புத் தூள்

சரி, அந்த ஜாதகத்தையெல்லாம் கொஞ்சம் மடியில வைங்க. வரன் பார்க்கற கூட்டத்துல இவன் எதுக்கு மைக்கைப் பிடிக்கறான்னு முணுமுணுக்கறது கேக்குது. ஒரே ஒரு சின்னக் கதை... கேட்டுட்டு உங்க பாட்டுக்குப் பொண்ணு பாருங்க.

தெய்வானைன்னு ஒருத்தி. ஆராய்ச்சி பண்றவ. எதை ஆராயறா? குளத்துல மிதக்குமே பச்சைப் பாசி... அதை! அந்தப் பாசிக்குள்ள ஃபெரடாக்ஸின்னு ஒரு புரதம் இருக்கு. வெயில்லேர்ந்து பாசி பிடிக்கற சக்தியை எலெக்ட்ரானா இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். அது நின்னுச்சுன்னா பாசி செத்துது. அதுக்குள்ள ரெண்டு இரும்பு அணு, ரெண்டு கந்தக அணு. அதனால அதுக்கு என்ன நிறம்? செம்பழுப்பு. பச்சைப் பாசியை வாழ வைக்கற அந்தப் புரதம் பச்சை இல்லீங்க... பழுப்பு!

அது எப்படிக் கட்டியிருக்குன்னு எக்ஸ்ரேல பார்க்கணும்னா, முதல்ல அதைக் கல்கண்டு மாதிரி படிகமா உறைய வைக்கணும். ரெண்டு வருஷம் தொட்டி தொட்டியா பாசி வளர்த்து, பிழிஞ்சு, வடிகட்டி... கடைசியில கிடைச்சது நாலு சொட்டு. மொத்தத்தையும் உறைய வைக்கற மருந்தோட கலந்து, குழி குழியா இருக்கற ஒரு தட்டுல விட்டுட்டு மூணு வாரம் காத்திருந்தா.

ஒருநாள் மைக்ரோஸ்கோப்ல கண்ணை வைக்கறா... அம்மாடி! ஒரு குழியில படிகம்! பெருசா, கண்ணாடி மாதிரி பளபளன்னு!

"இருதயராஜ் அண்ணே, ஓடி வாங்க! வந்துடுச்சு!"

லேப்ல உதவிக்கு இருக்கறவர் அவர். குனிஞ்சு பார்த்தாரு.

"மேடம்... மத்த குழியில ஏதோ பழுப்பா, தூள் தூளா கிடக்கே?"

"அது ஏதாவது அழுக்கா இருக்கும்ணே. இதை எடுத்துக்கறேன், தட்டைக் கழுவிடுங்க."

படிகத்தை எடுத்துக்கிட்டு, வெளியூர்ல இருக்கற பெரிய எக்ஸ்ரே மெஷினுக்கு ரயில் ஏறிட்டா. அங்க இருந்தவர் படத்தைப் பார்த்தாரு... இவளைப் பார்த்தாரு...

"ஏம்மா, இது உப்பு."

"சார்?"

"உப்பும்மா! நீங்க ஊத்தின மருந்துலேர்ந்து உறைஞ்ச உப்பு. ஆமா, உங்க புரதம் என்ன கலரு?"

"செம்..."

அவ்வளவுதான். மத்த குழியில கிடந்த பழுப்புத் தூள்தான் அந்தப் புரதம்னு புரிஞ்சுடுச்சு. போனை எடுத்தா.

"அண்ணே... அந்தத் தட்டு?"

"நீங்க சொன்ன உடனே கழுவிக் கவுத்துட்டேனே மேடம்!"

போச்சு! ரெண்டு வருஷம் சிங்க் வழியா சாக்கடைக்குப் போச்சு! அவளுக்கு அந்த நிறம் தெரியாதா? தினம் அந்த நிறத்தை வச்சுத்தானே வடிகட்டினா? தெரியும்ங்க... நல்லாத் தெரியும். பளபளப்பைப் பார்த்ததும் மறந்துட்டா!

அந்தத் தெய்வானை யாரு தெரியுமா?

... நான் பெத்த பொண்ணு.

மூணு வீட்டுக்காரங்க வந்து, எங்க வீட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுட்டு, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி"ன்னு சொல்லிட்டுப் போன பொண்ணு! அன்னிக்கு ஸ்டேஷன்ல இறங்கினவ அழலை. "அப்பா, அவங்க எனக்குப் பண்ணினதை நானும் பண்ணிட்டேன்ப்பா"ன்னா.

உங்க கையில நீங்க பூர்த்தி பண்ணின விண்ணப்பத் தாள் இருக்கு. அதுல "எதிர்பார்ப்பு"ன்னு ஒரு கட்டம். வாசல்ல அடுக்கி வச்சிருந்த அதோட நகல்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஏழு தாள்ல என்ன எழுதியிருக்கு? "நல்ல நிறம்". யாரு எழுதினது? டாக்டர் வீடு, வக்கீல் வீடு, வாத்தியார் வீடு! நாளைக்கு நீங்க படுத்த படுக்கையா கிடந்தா, பக்கத்துல இருந்து பார்க்கப் போறது பொண்ணா, பொண்ணோட நிறமா? தெரியாமலா எழுதினீங்க? தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தங்கமான பிள்ளைங்களைக் கழுவி ஊத்திட்டு, உப்பைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறறீங்க!

சட்டைப் பையில பேனா இருக்கில்ல? எடுங்க. அந்த ரெண்டு வார்த்தையை அடிங்க.

... அடிங்க. நான் நிக்கறேன். அவசரம் இல்லை.