கதிர்காமு அண்ணையின் கிணறு

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி தாராளமாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஊர்காவற்றுறைத் தண்ணீரில் எவ்வளவு சீனி போட்டாலும் அடிநாக்கில் ஒரு உவர்ப்பு நிற்கும். நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரியாது. தீவில் பிறந்தவர்களுக்கு முதல் மிடறிலேயே தெரிந்துவிடும். கதிர்காமு அண்ணைக்கும் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. டென்மார்க்கில் இத்தனை காலம் குழாய்த் தண்ணீர் குடித்த மனிதருக்கு நாக்கில் என்ன மிஞ்சியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

என்னை வெளிநாட்டில் இருக்கிற அனலைதீவுச் சனம் எல்லாருக்கும் தெரியும். 'அனலை அஜந்தா' என்றால் ரொறொன்ரோவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களும் போனைத் தூக்குவார்கள். ஒரு பின்னேரம் நான் லைவ் வராவிட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டு எழுதுவார்கள். பெற்ற தாய் என்னை அப்படிக் கேட்டதில்லை.

லைவ் என்றவுடன் ஆட்டம் பாட்டம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன வீடுகளைத் தேடிப் போய்க் காட்டுவேன், அவ்வளவுதான். கூரை இல்லாத வீடு, சுவரில் ஆலங்கன்று முளைத்த வீடு, எதுவானாலும் காட்டுவேன். அங்கே அவர்கள் அழுவார்கள். இங்கே நானும் அழுவேன். நடிப்பில்லை, ஐயா. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தானாக வந்துவிடும்.

கதிர்காமு அண்ணையின் தகப்பனுக்கு மாத்தறையில் கடை. குடும்பமே அங்கேதான். திருவிழாவுக்கு மட்டும் தீவுக்கு வந்து போன சின்னப் பெடியனாகத்தான் அண்ணை இந்த வீட்டைக் கண்டவர். வாசலில் இரண்டு தூண், பின்னுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. நான் தேடிப் பிடித்துக் காட்டினேன். அவர் தூணைக் கண்டதும் விம்மி விம்மி அழுதார். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அழுதார்கள். அன்றைக்குத்தான் என் லைவ் ஊரெல்லாம் பேசுகிற லைவ் ஆனது.

அடுத்த நாள் அப்புத்துரையர் வந்தார். எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர். ஊரில் எந்தக் காணி யாருடையது என்று அவரைக் கேட்டால் போதும்.

"பிள்ளை, நீ காட்டினது வேறை ஆரின்ரையோ வீடு. கதிர்காமுவின்ரை வீடு மேற்குக் கரையிலை எல்லோ. அது இடிஞ்சு கல்லும் இல்லை. கிணறு மட்டும் பத்தைக்குள்ளை கிடக்கு" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள், ஐயா. அந்த மனிதர் அன்றிரவுதான் இத்தனை வருசத்துக்குப் பிறகு நிம்மதியாய் நித்திரை கொண்டதாக எழுதியிருந்தார். அவரிடம் போய், "அண்ணை, அது வேறு வீடு, உங்களுடையது வெறும் பத்தைக்காடு" என்று எந்த வாயால் சொல்வது? நான் பிழை விட்டது ஒரு நாள். அதைத் திருத்தினால் அவருக்கு ஆயுளுக்கும் நோவு. அதனால் வீட்டை அவருடையதாகவே வைத்துக்கொண்டேன். முற்றம் கூட்டினேன். தகப்பனின் திவசத்துக்கு விளக்கு வைத்தேன். தைப்பொங்கலுக்கு அந்த முற்றத்தில் பொங்கினேன். சொந்தப் பிள்ளை செய்யுமா இதெல்லாம்?

ஒவ்வொரு லைவிலும் அவர் ஒன்றை மட்டும் விடாமல் கேட்பார். "தண்ணி இன்னும் இனிக்குதோ, பிள்ளை?" அந்தக் காலத்தில் அரைவாசி ஊர் குடம் கொண்டு வந்து அள்ளிய கிணறாம் அவர்களுடையது. நான் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இளநி மாதிரி, அண்ணை" என்பேன். அந்தத் தண்ணீரில் உடுப்புத் தோய்த்தால்கூடச் சவர்க்காரம் நுரைக்காது. சிரித்துக்கொண்டேதான் விழுங்குவேன். சனத்துக்காக நான் விழுங்கியது கொஞ்சநஞ்சமில்லை.

கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது. பார்த்தால் தெரியாது, கால் வைத்தால் கல் ஆடும். லைவில் சொல்லியிருக்கிறேன். "அந்தப் பக்கம் போகாதையும் பிள்ளை" என்று முதலில் எழுதுகிறவர் அண்ணைதான். நான் முன் கமராவில்தான் லைவ் போவேன். என் முகத்தைக் காணாவிட்டால் சனத்துக்குப் பிடிக்காது. அந்தக் கமராவில், கண்ணாடியில் போல, வலம் இடமாகத் தெரியும். நான் நல்ல பக்கத்தில் நின்று அள்ளுவேன். பார்க்கிறவர்களுக்கு அது மற்றப் பக்கமாகத் தெரியும். இதை ஒருவருக்கும் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "உம்மடை லைவிலைதான் கால் வைப்பன்" என்று எல்லாரும் பார்க்க வாக்குக் கொடுத்தார். நான் அதற்கிடையில் அப்புத்துரையரோடு பேசி, அவர் வாயை எப்படியாவது அடைத்திருப்பேன். ஆனால் அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிழமை முந்தியே வந்துவிட்டார். எனக்குத் திடீரென்று ஒரு சந்தோசம் தரவேண்டுமாம். லைவுக்கென்று வட்டமான ஒரு லைட்டும் வாங்கி வந்திருந்தார். காலை வள்ளத்தில் பக்கத்தில் இருந்தவர் அப்புத்துரையர்.

அண்ணை போன் பண்ண, நான் ஓடினேன். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"கோவிக்காதையும் பிள்ளை. வள்ளத்திலை அவர் ஒரு கதை சொன்னவர். நான் நம்பேல்லை. எண்டாலும் மனம் கேக்கேல்லை. ஒரு மிடறு குடிச்சுப் பாத்தால் தெரிஞ்சிடும்."

"பொய்யெண்டால் என்ன செய்வியள், அண்ணை?"

"லைவிலை நானே சொல்லுவன். உம்மிலை எனக்குக் கோவமில்லை. ஆனால் எத்தினை சனம் உம்மை நம்பி அழுதது. அதுகளுக்கு மறைக்க ஏலாது, பிள்ளை."

எனக்கு அவரில் ஆத்திரம் வந்தது. மறைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய தகப்பனுக்கு விளக்கு வைத்தவள் நான். நான் சொன்னதைவிட ஒரு மிடறு தண்ணீர் அவருக்குப் பெரிதாகிவிட்டது. பச்சைத் துரோகம், ஐயா. எனக்கு இருந்தது அந்தச் சனம் ஒன்றுதான். அதை ஒரு வாய்த் தண்ணீரால் பறிக்க வந்து நின்றார். நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

அவர் கிணற்றடிக்குப் போனார். அவதானமாகத்தான் போனார். திரையில் பார்த்துப் பழகிய மனிதர் அல்லவா, நல்ல பக்கத்தை விலக்கி, இற்ற பக்கத்தில் போய்க் காலை ஊன்றினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கம்தானே பிள்ளை?" என்றும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனோ என்று கேட்கிறீர்கள். ஆட்டினேன்.

கல் சரிந்தது. ஆழம் அதிகமில்லை, தண்ணீர் அவர் நெஞ்சளவுதான். காலில் ஏதோ முறிந்திருக்கவேண்டும். வாளிக் கயிற்றின் மற்றத் தலைப்பு கிணற்றடிக் கம்பத்தில் கட்டியிருந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்தேன். அவரைத் தூக்கத்தான் பிடித்தேன், சாமி சத்தியமாய். அப்போது அவர் கீழே இருந்து பேசினார். காப்பாற்று என்று கேட்கவில்லை.

"பிள்ளை, இது உவர்த் தண்ணி" என்றார்.

அந்த நிலைமையிலும் அதைத்தான் சொன்னார். நான் கயிற்றை மேலே இழுத்தேன். வாளியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்; வயசு போன கை, கொஞ்சம் பலமாய் இழுக்க விட்டுவிட்டது. வாளியில் இருந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினேன். கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுற்றிவர ஆளில்லாத வீடுகள். பின்னேரம் ஒருக்கால் போய்ப் பார்த்தேன். அப்போதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை என்பதை விட்டு, அஜந்தா, அஜந்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கும் லைவ் போனேன், இறங்குதுறையில் இருந்து. போகாமல் விட்டால் சனம் தேடும். அவர் கொண்டுவந்த லைட்டைத்தான் போட்டேன். முகம் நல்ல வெளிச்சமாய் இருக்கிறது என்று எல்லாரும் எழுதினார்கள். அவருடைய மகள் தாரிகாவும் லைவுக்கு வந்திருந்தாள். "அக்கா, அப்பா வந்து சேர்ந்திட்டாரோ? போன் எடுக்கிறார் இல்லை" என்று கேட்டிருந்தாள்.

"ஓம் தங்கச்சி, வந்திட்டார். தன்ரை வீட்டிலைதான் நிக்கிறார், கிணத்தடியிலை. ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றேன். திரை நிறைய இதயங்கள் பறந்தன. தாரிகா, "நீங்கள் நிக்கிறியள்தானே அக்கா, எனக்கென்ன பயம்" என்று எழுதினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றதெல்லாம் நீங்கள் விரும்பியபடி எழுதுங்கள், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதவேண்டும். என் சனத்துக்கு நான் லைவில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.