வாயை மூடாத மாஸ்டர்

அதை அப்புறம் பேசிக்கலாம் டீச்சர், முதல்ல பெல்ட்டப் போடுங்க. இனிமே வர மாட்டேன்னு நேத்து போன்ல சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு ஒரு ரவுண்டு மட்டும். அதுக்கப்புறமும் உங்களுக்கு வண்டி ஓட்ட வராதுன்னு தோணுச்சுன்னா, நானே உங்கள பஸ் ஏத்தி விட்டுடறேன். கிளட்ச்ச முழுசா அமுக்குங்க. ஃபர்ஸ்ட் கியர். கண்ணாடி பாத்தீங்களா? உங்க முகத்த இல்ல, பின்னாடி வர்ற வண்டிய. ம், இப்ப மெதுவா விடுங்க. வகுப்புல பசங்கள மெரட்டற மாதிரி வண்டிய மெரட்டக் கூடாது. பாத்தீங்களா, நகந்துடுச்சு.

என்ன சத்தமா? வண்டில இல்ல, என் சீட்டு. சீட்டுக்கு அடியில இருக்கற கம்பியில ஒரு பல்லு பின்னாடி தள்ளிக்கிட்டேன். போன வருஷம் வரைக்கும் இந்த சீட்டு நடுவுல இருந்துது. இப்ப கடைசிப் பல்லுக்கு வந்தாச்சு, இதுக்கு மேல தள்ளணும்னா நான் டிக்கிலதான் உக்காரணும். சிரிங்க சிரிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். கீழ படுத்துப் பாத்தான், ஓட்டிப் பாத்தான். மாஸ்டர், வண்டில ஒரு கோளாறும் இல்ல, நீங்க இறங்குனா நேராயிடும்ங்கறான். சின்னப் பய இல்ல, என் வயசு அவனுக்கு. சிக்னல் விழப் போவுது, பிரேக். அது ஆக்சிலேட்டர் டீச்சர். அதான், இது பிரேக்.

நியூட்ரல்ல போட்டுட்டு காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க, இந்த சிக்னல் லேசுல விடாது. உங்களுக்குத் தெரியாது, நான் ஒரு காலத்துலயும் இதே மாதிரி பெரிய ஆளா இருந்தவன்தான். இது ரெண்டாவது சுத்து. வயித்த வெட்டி சின்னதாக்கற ஆபரேஷன் இருக்கு இல்ல, அது பண்ணிக்கிட்டவன் நானு. ஆச்சு, ஏழெட்டு வருஷம். மூட்டை மாதிரி இருந்தத வாழைப்பழம் சைசுக்குத் தச்சு விட்டுட்டாங்க.

அழகுக்காகவா? எங்க வீட்ல கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பா. எல்லாம் ஒரு பேங்க் கிளார்க்கால வந்தது. உங்கள மாதிரிதான், என்கிட்ட ஓட்டக் கத்துக்க வந்தார். தங்கமான மனுஷன். சொன்னத செய்வார், சொல்லாதத செய்ய மாட்டார். நேரா போங்க சார்னு சொன்னேன். சொல்லிட்டுத் தூங்கிட்டேன். அந்த எடைக்கு அப்படி ஒரு தூக்கம் வரும் டீச்சர். ராத்திரி பூரா குறட்டை, மூச்சு முட்டி முட்டி எழுந்திரிக்கறது, பகல்ல உக்காந்த எடத்துல கண்ணு சொருகிடும். முழிச்சுப் பாத்தா ஊரையே காணோம். ரெண்டு பக்கமும் வெறுங்காடு. என்ன சார் இதுன்னா, நேரா போகச் சொன்னீங்க, அப்புறம் ஒண்ணுமே சொல்லலியே மாஸ்டர்ங்கறார். வேர்த்துக் கொட்டுது பாவம். வழியில எத்தனை லாரிக்கு ஒதுங்கினாரோ. என் கால் பக்கத்துல தனி பிரேக் இருந்து என்ன புண்ணியம், காலும் சேந்துதானே தூங்குச்சு. அன்னைக்கே போய் டாக்டர் முன்னாடி உக்காந்துட்டேன். பச்சை விழுந்துடுச்சு. ஹார்ன் அடிக்கறவன் அடிக்கட்டும், அவனுக்கும் ஒருத்தர் சொல்லிக் குடுத்துதான் வந்துது.

அப்புறம் பாக்கணுமே என்னை. ரெண்டு வாய் உள்ள போனா மூணாவது வாய்க்கு வயிறு கதவ சாத்திடும். ஒரு வருஷத்துல பாதி ஆளு காணாம போயிட்டேன். குண்டு மாஸ்டர்னு கூப்பிட்ட வாயெல்லாம் பென்சில் மாஸ்டர்னு கூப்பிட்டுது. தலை கால் புரியல எனக்கு. போறவன் வர்றவனுக்கெல்லாம் உபதேசம், மனசுல உறுதி வேணும் சார்னு. உறுதியாம் உறுதி. பசியே இல்லாதவனுக்கு உறுதி எதுக்கு? எங்க மச்சான் என்னைப் பாத்தாலே தட்டத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடுவாரு. செகண்ட் கியர் போடுங்க, வண்டி அழுவுது.

எப்படி திரும்ப ஏறுச்சுன்னு கேக்கறீங்க. கேக்கலியா? மனசுல கேட்டீங்க, எனக்குக் கேட்டுடுச்சு. அது சொந்தக்காரங்க மாதிரி டீச்சர். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு ஒரு கிலோ வந்துச்சு. சரி, வந்தவங்கள போங்கன்னா சொல்ல முடியும்? அது போய் பீரோவுல ஒரு தட்ட காலி பண்ணச் சொல்லுது, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வருது. சின்ன வயித்துல பெரிய சாப்பாடு போகாது, ஆனா பிஸ்கட் போகும். டீயில முக்குனா கேக்காமலே போகும். கத்துக்க வர்ற ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல கால் மணி நேரம் வண்டில தனியா உக்காந்திருக்கேன் பாருங்க, அந்த கால் மணி நேரம்தான் என் எதிரி. பசியும் மெல்ல திரும்பி வந்துடுச்சு, எங்க போயிருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஐயோ, கியர் பக்கத்துல இருக்கற அந்த டப்பாவத் திறக்காதீங்க, கண்ணாடி தொடைக்கற துணி அதுல இல்ல. சரி, பாத்துட்டீங்க. கிரீம் வெச்சது. கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்.

எங்க வீட்ல என்ன சொன்னாளா? ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா பதிலுக்குக் கத்தியிருப்பேன். இளைச்சதும் என் பழைய பேன்ட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடுன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன், குடுத்துட்டேன்னா. போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் காலையில குளிச்சுட்டு வர்றேன், கட்டில் மேல இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்கு. அதே பழைய பேன்ட்டு. இத்தனை வருஷமா பரண்ல பத்திரமா வெச்சிருந்திருக்கா. எனக்கு வந்த கோவம் இருக்கே, அப்ப நீ என்னை நம்பவே இல்லியான்னு. கோவமா எடுத்து மாட்டிப் பாத்தேன். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது டீச்சர். அதுல வந்த கோவம்தான் இன்னும் போகல. அழுகையும் வந்துது, சொல்றதுக்கென்ன. அவ அடுப்படில பாத்திரத்த உருட்டிக்கிட்டே இருந்தா, கேக்காத மாதிரி.

இந்த மாடு மாதிரி நிக்கற லாரிய சுத்திப் போங்க. இண்டிகேட்டர். நல்லா வருதே, யாரு சொன்னது உங்களுக்கு வராதுன்னு.

டாக்டர்கிட்ட திரும்பப் போனேனான்னா? அதத்தான் சொல்ல வர்றேன். வருஷா வருஷம் வந்து காட்டணும்னு அப்பவே சொல்லி அனுப்புனாங்க. இளைச்சிருந்தப்ப கூப்பிடாமலே போய் நின்னேன், கண்ணாடி முன்னாடி நிக்கற மாதிரி. ஏற ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூட படுக்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? அவங்க எவ்வளவு அழகா தச்சுக் குடுத்தாங்க, நான் நீட்டிக்கிட்டேன். அங்க இருக்கற நர்ஸம்மா போன் பண்ணாங்க. நிறைய பேருக்கு இப்படி திரும்ப ஏறும் மாஸ்டர், அதுக்கும் பாக்கறதுக்கு வழி இருக்கு, திட்ட மாட்டோம், வாங்கன்னாங்க. திட்ட மாட்டோம்னு சொன்னதும்தான் பயமே வந்துது. நீங்களும் பசங்ககிட்ட அப்படித்தானே சொல்றீங்க, உண்மைய சொல்லு, அடிக்க மாட்டேன்னு.

ஏன் வேகத்தக் கூட்டறீங்க? ஓ, அந்த பச்சை கேட் வருதா. தெரியுது. இதுவரைக்கும் இந்தப் பக்கம் வந்த மூணு தடவையும் அந்த கேட்டுக்கு முன்னாடிதான் வண்டி அணைஞ்சு போச்சு. பின்னாடி இருக்கறவன் எல்லாம் ஹார்ன் அடிச்சான், நேத்து நீங்க அழுதுட்டீங்க, போன் பண்ணி எனக்கு இந்த ஜென்மத்துல வராதுன்னுட்டீங்க. வேகத்தக் குறைங்க. நான் சொல்றத ரோட்டப் பாத்துக்கிட்டே கேளுங்க, என் பக்கம் திரும்பி அடிக்கக் கூடாது.

அணைச்சது நீங்க இல்ல டீச்சர். என் கால்தான்.

ஆமா, அந்த கேட்டுதான் எனக்கு ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் இன்னைக்கு உள்ள திருப்பச் சொல்லிடணும்னுதான் இந்தப் பக்கம் கூட்டிக்கிட்டு வந்தேன். கிட்ட வந்ததும் இந்தக் கால் தானா போய் என் பக்கத்து பிரேக்க மிதிச்சுடுது. நீங்க கிளட்ச்ச மிதிக்கல, நான் பிரேக்க மிதிச்சுட்டேன், அப்புறம் வண்டி அணையாம என்ன செய்யும்? உங்க தப்புன்னு நெனச்சீங்க, நானும் வாயத் திறக்கல. திட்டணும்னா திட்டுங்க, ஆனா திருப்பிட்டுத் திட்டுங்க. இதோ, ரெண்டு காலையும் பின்னாடி இழுத்து வெச்சுக்கிட்டேன். பாக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல. இண்டிகேட்டர். செகண்ட். ஸ்டியரிங்க விடாம சுத்துங்க, இன்னும், இன்னும். அப்படியே உள்ள.

அப்பாடா. வந்துட்டீங்க பாருங்க. அந்த மரத்துக்குக் கீழ போட்டுடுங்க. ஹேண்ட் பிரேக். சாவிய எடுத்துக்குங்க. டெஸ்ட்டுல உங்கள யாரும் ஃபெயிலாக்க முடியாது, எழுதி வெச்சுக்குங்க. இதுக்கு மேல இன்னைக்குக் கத்துக்க ஒண்ணும் இல்ல, மத்தவங்களுக்கெல்லாம் இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட ஒரே ஒரு உதவி வேணும், என்கூட உள்ள வரணும்.

எடைய நான் சொல்லவே வேணாம், மெஷின் சொல்லிடும். பிஸ்கட்டையும் சொல்லிடுவேன். இன்னொண்ணு இருக்கு, அத எங்க வீட்லகூட சொல்லல. உள்ள போனா நான் எதையாவது பேசி டாக்டர சிரிக்க வெச்சுட்டு அத சொல்லாமலே எழுந்து வந்துடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். நீங்கன்னா டீச்சர், சொல்ல வேண்டியத சொல்லிடுவீங்க. வண்டி ஏறுனதுல இருந்து இந்த மனுஷன் ஏன் இப்படி மூச்சு விடாம பேசறாருன்னு நெனச்சிருப்பீங்க இல்ல? போன மாசத்துல இருந்துதான் இப்படி. வாய மூடுனா கண்ணும் சேந்து மூடிக்குது டீச்சர்.